2,000 ரூபாய் நிவாரணத்துக்கு எந்தச் சட்டம்? புயல் காசு கஜானாவில் கிளம்பி அனந்தபுரம் வந்து சேரும் வழி

புயல் அடிச்சா முதல்ல மின்சாரம் போகும், அப்புறம் செல்போன் டவர் போகும். மூணாவது நாள் டிவியில ஒரு தொகை அறிவிப்பாங்க. "சரி, அந்தக் காசு எப்போ வரும்?" இதுதான் அடுத்து எல்லார் வீட்டிலும் கேட்கும் கேள்வி.

நமக்கு வரும் கமெண்ட்களில் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருது. "சட்டசபையில் பாஸ் ஆனாத்தான் நிவாரணம் தருவாங்களா?" "கவர்னர் கையெழுத்துப் போடாம நிறுத்தி வெச்சா என்ன ஆகும்?" நியாயமான கேள்விகள்தான். ஆனா இதற்கான பதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும். 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலை வைத்தே இதைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது மறக்கக்கூடிய புயல் இல்லை.

என்ன நடந்தது?

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் வேகமாக நகராமல் அங்கேயே நின்று கொட்டியதுதான் பிரச்சினை. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. செஞ்சி, திண்டிவனம், வானூர், விக்கிரவாண்டி, அனந்தபுரம் என்று மாவட்டத்தின் வடக்குப் பக்கம் முழுக்க வயல் எது, ஏரி எது என்று தெரியாத நிலை. அடுத்த நாள் சாத்தனூர் அணையில் இருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. திருச்சி தேசிய நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது.

டிசம்பர் 2ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2,11,139 ஹெக்டேர் வேளாண் நிலம் தண்ணீரில் மூழ்கியிருக்கு, தற்காலிகச் சீரமைப்புக்கு மட்டும் 2,475 கோடி ரூபாய் வேணும், உடனடியா 2,000 கோடி விடுவிக்கணும் என்பது கடிதத்தின் சாரம்.

மறுநாள் நிவாரண அறிவிப்பு வந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளம் சூழ்ந்து வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு அடிப்படையில் 2,000 ரூபாய். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். சேதமடைந்த குடிசைக்கு 10,000. பாசன வசதியுள்ள பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமாகி இருந்தால் ஹெக்டேருக்கு 17,000. பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. மானாவாரிக்கு 8,500. மாடு செத்தால் 37,500, ஆடு செத்தால் 4,000, கோழிக்கு 100.

இதில் எந்தத் தொகையும் எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

சட்டத்தில் இல்லாத தொகையை அரசு எப்படிக் கொடுக்குது?

இந்திய அரசியலமைப்பின் 266ஆவது பிரிவு ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்கிறது: சட்டத்தின் அனுமதி இல்லாமல் அரசின் தொகுப்பு நிதியில் இருந்து ஒரு காசு எடுக்க முடியாது. தொகுப்பு நிதி என்பது நாம பேச்சு வழக்கில் சொல்லும் கஜானா. நீங்கள் கட்டும் வரி, அரசு வாங்கும் கடன் எல்லாம் போய் விழும் பெரிய உண்டியல். முதலமைச்சரே ஆனாலும், நிதியமைச்சரே ஆனாலும், சட்டமன்றம் சட்டம் போட்டுத் திறக்காமல் அந்த உண்டியலில் கை வைக்க முடியாது.

அப்போ புயல் அடிச்ச மூணாவது நாள் அறிவிப்பு எப்படி சாத்தியம்? பதில் சிம்பிள். அந்தச் சட்டம் புயலுக்கு முன்னாடியே போடப்பட்டு விட்டது.

ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் 50க்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் இருக்கும். பள்ளிக்கல்விக்கு ஒன்று, காவல்துறைக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று என்று. அதில் 51ஆம் எண் கோரிக்கையின் தலைப்பைப் பாருங்கள்: இயற்கைச் சீற்றங்கள் குறித்த துயர் தணிப்பு. அதாவது, இந்த வருஷம் எங்கேயோ புயலோ வெள்ளமோ வறட்சியோ வரும் என்ற கணக்கில், எங்கே எப்போ என்று தெரியாமலேயே, சட்டமன்றம் முன்கூட்டியே பணத்தை ஒதுக்கி வைக்கிறது. 2024-25 பட்ஜெட்டை நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்தது 2024 பிப்ரவரி 19. மக்களவைத் தேர்தல் இடையில் வந்ததால் துறைவாரி மானியக் கோரிக்கை விவாதம் ஜூன் 20ஆம் தேதி தொடங்கிய கூட்டத்துக்குத் தள்ளிப் போனது. அந்த ஜூன் மாதமே ஃபெஞ்சலுக்கான கதவு திறந்தாச்சு. பெயர் வைக்கப்படாத புயலுக்கு பணம் ஓட்டெடுப்பில் தேறிய கதை இது.

எனவே டிசம்பரில் தேவைப்பட்டது புதுச் சட்டம் இல்லை. அரசாணைதான். வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை கோப்பு போடும், நிதித்துறை சம்மதிக்கும், அரசாணை வெளியாகும், மாவட்ட ஆட்சியருக்கு ஒதுக்கீடு போகும், கருவூலம் பட்டியலைப் பாஸ் செய்யும். ஆளுநர் இந்த இடத்தில் வருவதே இல்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கு. தொகை சட்டத்தில் இல்லாமல் அரசாணையில் இருப்பதால், ஒரு புயலுக்கு ஒரு ரேட், இன்னொரு புயலுக்கு வேறு ரேட் என்று ஆகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுவட்டார மாவட்டங்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து விழுப்புரத்துக்கு 2,000. "எங்க வீட்டுல புகுந்தது தண்ணி இல்லையா?" என்று இங்கே கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் "சட்டப்படி 6,000 தரணும்" என்று யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு சட்டம் இல்லை. அது அரசின் முடிவு. அதைக் கேள்வி கேட்கும் இடம் சட்டமன்றமும் தேர்தலும்தான்.

சரி, பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் போதவில்லை என்றால்?

இங்கேதான் நம்ம கேள்வியில் இருக்கும் மசோதா வருது. அதற்கு முன்னால் அரசு முயற்சி செய்யும் இரண்டு வழிகளைச் சொல்லிடறேன்.

முதல் வழி, அதே மானியத்துக்குள் ஒரு தலைப்பில் மிஞ்சும் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றுவது. மறுநிதி ஒதுக்கம் என்பார்கள். நிதித்துறை அளவிலேயே முடியும். ஆனால் பள்ளிக்கல்வி மானியத்தில் மிஞ்சியதை வெள்ள நிவாரண மானியத்துக்குத் தூக்கிப் போட முடியாது. வீட்டில் கல்யாணச் செலவுக்கு எடுத்து வைத்ததில் புடவைக் காசைச் சாப்பாட்டுக்கு மாற்றலாம், ஆனால் பையன் காலேஜ் ஃபீசைத் தொடக்கூடாது என்பது மாதிரி.

இரண்டாவது வழி, எதிர்பாராச் செலவு நிதி. அரசியலமைப்பின் 267ஆவது பிரிவும், தமிழ்நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டமும் உருவாக்கிய தனிப் பெட்டி இது. சட்டமன்றம் கூடாத நேரத்தில் அவசரமாகச் செலவு வந்தால் இதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். பேருக்கு ஆளுநரின் பொறுப்பில் இருக்கும், கையாளுவது நிதித்துறை. ஒரே நிபந்தனை: இது கடன். சட்டமன்றம் அடுத்து கூடும்போது கணக்குக் காட்டி, ஒப்புதல் வாங்கி, எடுத்த பணத்தைத் திரும்ப வைக்கணும்.

அந்தக் கணக்குக் காட்டும் நாள்தான் துணை மதிப்பீடுகள் தாக்கலாகும் நாள். நம்ம டிக்கரில் "துணை பட்ஜெட்" என்று ஓடுமே, அதேதான்.

டிசம்பர் 9ஆம் தேதி என்ன தாக்கலானது?

2024 டிசம்பர் 9, 10 என இரண்டே நாள் சட்டமன்றம் கூடியது. டிவியில் அன்று முழுக்க மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானம்தான் ஓடியது. அதே நாளில் தங்கம் தென்னரசு 2024-25ஆம் ஆண்டின் முதல் துணை மதிப்பீடுகளைத் தாக்கல் செய்தார். தொகை 3,531.05 கோடி ரூபாய்.

புயல் முடிந்து ஒன்பதாம் நாள் வந்ததால் இதை "புயல் பட்ஜெட்" என்று நினைத்துவிட வேண்டாம். துணை மதிப்பீட்டில் பல துறைகளின் செலவும் கலந்தே இருக்கும். பட்ஜெட்டுக்குப் பிறகு அரசு அனுமதித்த புதுப் பணிகள், எதிர்பாராச் செலவு நிதியில் எடுத்த முன்பணத்தை ஈடு செய்வது, இதுதான் அதன் வேலை. புயல் மாதிரி டிசம்பரில் வரும் பெருஞ்செலவின் முழுக் கணக்கு ஒரே துணை மதிப்பீட்டில் அடங்காது. நிதியாண்டு முடியும் முன் மார்ச்சில் இறுதித் துணை மதிப்பீடு என்று இன்னொன்றும் வரும்.

இப்போ அந்தக் காகிதம் சட்டமாகும் வழியைப் பார்ப்போம். ஆண்டு பட்ஜெட்டுக்கும் துணை பட்ஜெட்டுக்கும் வழி ஒன்றுதான். 205ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேகம்தான் வேற. பட்ஜெட்டுக்கு வாரக்கணக்கில் நேரம், இதற்கு இரண்டு நாள்.

ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையையும் பேரவையில் வைக்க முடியாது (பிரிவு 203). அதனால் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் எழுந்து "விழுப்புரத்துக்கு 500 கோடி ஒதுக்கும் மசோதா கொண்டு வர்றேன்" என்று சொல்ல முடியாது. பணம் கேட்கும் உரிமை அரசுக்கு மட்டும். மற்ற உறுப்பினர்களுக்கு உள்ளது குறைக்கச் சொல்லும் உரிமை. இதைத்தான் வெட்டுத் தீர்மானம் என்பார்கள். கூட்டச் சொல்லி ஓட்டெடுப்பு கேட்க வழியே கிடையாது. வேடிக்கை என்னன்னா, "நிவாரணம் போதாது" என்று பேச நினைக்கும் உறுப்பினரும் விதிப்படி "இந்த மானியத்தைக் குறைக்கணும்" என்ற தீர்மானத்தைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து பேசணும்.

பேச்சு முடிந்து நிதியமைச்சர் பதிலுரை கொடுத்ததும் பேரவைத் தலைவர் கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு விடுவார். "'ஆம்' என்போர் 'ஆம்' என்க, 'இல்லை' என்போர் 'இல்லை' என்க." குரல் வாக்கெடுப்பு. பெரும்பான்மை உள்ள அரசுக்குச் சில நிமிஷம்தான் ஆகும். ஆனா இதில் தோற்றால் அது சும்மா தோல்வி இல்லை. பேரவையின் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம், அரசு ராஜினாமா செய்ய வேண்டிய நிலை வரும். கூட்டணியில் விரிசல் உள்ள மாநிலங்களில் பண மசோதா நாளன்று கொறடாக்கள் ஓடித் திரிவது இதனால்தான்.

ஆளுநர் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்கான வட்டி மாதிரி சில செலவுகளுக்கு ஓட்டெடுப்பே கிடையாது. பேசலாம், வெட்ட முடியாது.

கோரிக்கைகள் தேறியாச்சு. இன்னும் கஜானா திறக்கவில்லை. இந்த ஒப்புதல்களையெல்லாம் சேர்த்து நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு என்று ஒன்றை நிதியமைச்சர் கொண்டு வருவார். 204ஆவது பிரிவின்படி, ஏற்கெனவே ஓட்டெடுப்பில் தேறிய தொகையை இந்த மசோதாவில் ஒரு ரூபாய்கூட மாற்றத் திருத்தம் கொடுக்க முடியாது. பெரும்பாலும் அதே நாளில் அறிமுகம், அதே நாளில் நிறைவேற்றம். மசோதாவே சில பக்கங்கள்தான்: எந்த மானிய எண், எதற்கு, எவ்வளவு. அட்டவணை. ஃபெஞ்சல் என்ற பெயரையோ அனந்தபுரம் என்ற ஊரையோ அதில் தேடினால் கிடைக்காது.

தமிழ்நாட்டில் மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. அதனால் இன்னொரு சபைக்கு அனுப்பும் வேலை இல்லை. டெல்லியில் இதே மாதிரி மசோதா மாநிலங்களவைக்குப் போகும், ஆனால் அங்கேயும் 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, மாற்றவும் முடியாது. யோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

ஆளுநர் நிறுத்தி வைக்கலாமா?

தமிழ்நாட்டில் கடந்த சில வருஷமாக இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களை ஆளுநர் ஆர்.என்.ரவி நிறுத்தி வைத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 8இல் தீர்ப்பு வந்தது. அதனால் "நிவாரண மசோதாவையும் அப்படி முடக்கலாமே" என்ற பயம் வருவது இயல்பு.

இங்கே அரசியலமைப்பு ஒரு வேலி போட்டிருக்கு. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு ஒரு பண மசோதா. அது பண மசோதாதான் என்று பேரவைத் தலைவர் சான்று கொடுத்து அனுப்புவார். 200ஆவது பிரிவின்படி மற்ற மசோதாக்களை ஆளுநர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது. அதோடு, அந்தக் கோரிக்கையே அவருடைய பரிந்துரையோடுதான் பேரவைக்கு வந்தது. கையெழுத்தானதும் தமிழ்நாடு அரசிதழில் சட்டமாக வெளியாகும்.

அமெரிக்காவில் கதை வேற மாதிரி. 2020 டிசம்பரில் கொரோனா நிவாரணத்தையும் அரசின் ஆண்டுச் செலவையும் ஒரே மசோதாவாகக் கட்டி, 5,593 பக்கத்துக்கு ஒரு மூட்டையாக நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆளுக்கு 600 டாலர் நிவாரணம். அதிபர் டிரம்ப், "600 போதாது, 2,000 கொடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் சில நாள் இழுத்தார். கடைசியில் டிசம்பர் 27 அன்று 600க்கே கையெழுத்துப் போட்டார். அங்கே தொகையே சட்டத்தில் இருந்ததால், அதை மாற்றணும்னா சட்டத்தையே மாற்றணும். இங்கே தொகை அரசாணையில் இருப்பதால் அரசு நினைத்தால் மறுநாளே ஏற்றலாம். நமக்கு வேகம் கிடைக்குது, அவர்களுக்கு உறுதி கிடைக்குது. எது நல்லது என்று கேட்டால், தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும்போது வேகம்தான் நல்லது என்பேன். மூணு மாசம் கழித்துப் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரியும்போது, உறுதி இருந்திருக்கலாமே என்று தோணும்.

டெல்லி கொடுத்த 944 கோடி புயலுக்காகவா?

டிசம்பர் 6 அன்று மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு 944.80 கோடி ரூபாய் விடுவித்தது. "ஃபெஞ்சலுக்கு மத்திய அரசு 944 கோடி" என்று தலைப்புச் செய்தி வந்தது. "அது நமக்கு வர வேண்டிய பணம்தானே" என்று எதிர்வாதமும் வந்தது. ரெண்டு பக்கமும் கத்தினதில் விவரம் தொலைந்துவிட்டது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இரண்டு நிதிகள் உண்டு. ஒன்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. இதில் 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. எவ்வளவு என்பதை நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு முன்பே சொல்லிவிடும், புயல் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு தவணையாக வரும். 944.80 கோடி என்பது 2024-25க்கான அந்த மத்தியப் பங்கின் இரண்டு தவணையும் சேர்த்து. மாநிலத்தின் பங்கு சுமார் 315 கோடி சேர்ந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 1,260 கோடி. ஆக, வர வேண்டிய பணம் என்பதும் உண்மை, புயல் வந்ததும் இரண்டு தவணையும் ஒன்றாக வந்தது என்பதும் உண்மை.

இன்னொன்று தேசியப் பேரிடர் நிவாரண நிதி. மாநில நிதி போதாத அளவு பெரிய பேரிடர் என்றால்தான் இது. சிகரெட் உள்ளிட்ட புகையிலைப் பொருட்கள் மீது விதிக்கும் தேசியப் பேரிடர் தீர்வைதான் இதற்கு வருமானம். மாநிலம் கேட்கணும், மத்தியக் குழு வந்து பார்க்கணும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு முடிவெடுக்கணும். ஃபெஞ்சல் விஷயத்தில் அந்த முடிவு வந்தது 2025 ஏப்ரல் 5ஆம் தேதி. தமிழ்நாட்டுக்கு 522.34 கோடி. முதலமைச்சர் கடிதம் எழுதிய டிசம்பர் 2இல் இருந்து எண்ணினால் நாலு மாசம். இடைக்கால உதவியாகக் கேட்டதே 2,000 கோடி.

இந்த நிதிகளுக்கு மத்திய அரசு வகுத்த ரேட் பட்டியல் ஒன்று இருக்கு. டிசம்பர் 3 அறிவிப்பை அதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாசனப் பயிர் 17,000, மானாவாரி 8,500, மாடு 37,500, ஆடு 4,000, கோழி 100. எல்லாமே அதே தொகை. உயிரிழப்புக்குப் பட்டியலில் 4 லட்சம், தமிழ்நாடு கொடுத்தது 5 லட்சம். குடிசைக்கு 8,000, கொடுத்தது 10,000. வித்தியாசத் தொகையை மாநிலம் தன் கையில் இருந்து போடணும். எதிர்க்கட்சிகள் "ஏக்கருக்கு 40 ஆயிரம் கொடு" என்று கேட்கும்போது அரசு தயங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான். பட்டியலைத் தாண்டும் ஒவ்வொரு ரூபாயும் மாநிலத்தின் சொந்தக் கணக்கு.

ஒரு குட்டிக் கணக்கு. ஹெக்டேர் என்றால் சுமார் 2.47 ஏக்கர். 17,000ஐ வகுத்தால் ஏக்கருக்கு 6,880 ரூபாய். அரை ஏக்கர் நெல் போட்டவருக்கு 3,440. நடவுக் கூலிக்கே சரியாகப் போய்விடும்.

சட்டம் போட்டாச்சு, பணமும் இருக்கு. உங்களுக்கு ஏன் வரவில்லை?

அனந்தபுரம் பக்கம் இருந்து வரும் கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் நிற்கும். சென்னையில் நடப்பதெல்லாம் மேலே சொன்ன மாதிரி சில நாளில் முடிந்துவிடும். நேரம் பிடிப்பதும் ஆட்கள் விடுபடுவதும் ஊருக்குள்ளேதான்.

பயிர்ச் சேதம் என்றால், கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை ஊழியரும் சேர்ந்து வயலுக்கு வந்து கூட்டுக் கணக்கெடுப்பு நடத்தணும். சேதம் 33 சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதினால் ஒரு ரூபாயும் கிடையாது. 30 சதவீதம் போனவருக்கும் நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் விதி அதைப் பார்க்காது. அந்தப் பட்டியல் வட்டாட்சியர், ஆட்சியர், சென்னையில் உள்ள வருவாய் நிர்வாக ஆணையர் என்று மேலே போய், மொத்தத் தொகைக்கு அரசாணை வந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்குப் பணம். ஃபெஞ்சல் பயிர் நிவாரணமாக 5.18 லட்சம் விவசாயிகளுக்கு 498.80 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது 2025 பிப்ரவரியில். சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதுக்குள்ள அடுத்த போகத்துக்குக் கடன் வாங்கியாச்சு என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

யார் விடுபடுகிறார்கள்? முதல் ஆள் குத்தகை விவசாயி. வயலில் இறங்கி உழுதவர் அவர், பட்டாவில் பெயர் இருப்பது சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நில உரிமையாளர். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் பதிவாகி இருந்தால்தான் அவர் கணக்கில் வருவார். வாய்மொழிக் குத்தகை என்றால் பெரும்பாலும் பணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போய்விடும், அவர் மனசு வைத்தால்தான் உண்டு. அடுத்தது கூட்டுப்பட்டா. அப்பா இறந்து பத்து வருஷமாகியும் அவர் பெயரிலேயே பட்டா இருக்கும் வீடுகள் நம்ம ஊரில் எத்தனை! அண்ணன் தம்பி நாலு பேர் பயிர் வைத்திருந்தாலும், யார் கணக்கில் போடுவது என்ற பஞ்சாயத்து முடியும் வரை பணம் நிற்கும்.

அதனால் தண்ணீர் வடியும் முன்பே சில வேலைகளைச் செய்து வைப்பது நல்லது. மூழ்கிய வயலைத் தேதியும் இடமும் பதிவாகும்படி போனில் போட்டோ எடுங்கள். ஜி.பி.எஸ். கேமரா ஆப் இலவசம்தான். சிட்டா, அடங்கல் நகல், ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம், நாலையும் ஒரே இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் சான்றிதழே போய்விட்டது என்றால் அதற்குச் சிறப்பு முகாம் போடுவார்கள், ஃபெஞ்சலுக்கும் அறிவித்தார்கள். கணக்கெடுப்புக்கு ஆள் வந்தார்களா, உங்கள் சர்வே எண்ணுக்கு எத்தனை சதவீதம் எழுதினார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அப்போதே கேளுங்கள். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அது தனிக் கணக்கு. நிவாரணம் வாங்கினால் காப்பீடு கிடைக்காது என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள்.

பெயர் விடுபட்டிருந்தால் திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாதந்தோறும் விவசாயிகளுக்கென்றே தனிக் குறைதீர் கூட்டமும் உண்டு. மனுவில் "நிவாரணம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வே எண், பயிர், பரப்பு, கணக்கெடுப்பு நடந்த தேதி, அரசாணை எண் எல்லாவற்றையும் எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள். அரசாணை எண் தெரியாவிட்டால், பயனாளிகள் பட்டியலோடு சேர்த்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம்.

நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடியும். அன்று வரை செலவாகாத சாதாரண ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஆனால் பேரிடர் நிவாரண நிதி அப்படி இல்லை. அது பொதுக் கணக்கில் தனியாக இருக்கும் பணம், மிஞ்சியது அடுத்த வருஷத்துக்கும் தொடரும். "மார்ச் முடிஞ்சுது, ஃபண்ட் போயிடுச்சு" என்று யாராவது கவுன்ட்டரில் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.